தலை வணங்காத மினர்வா

கரிபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்று ஒரு தீவு. மேற்குப் பக்கம் ஹைத்தி, கிழக்குப் பக்கம் டொமினிகன் குடியரசு. கரும்பும் காப்பியும் கொக்கோவும் விளைகிற மண். இந்த டொமினிகன் நாட்டை 1930 முதல் 1961 வரை, 31 வருஷம், ரஃபேல் துருகியோ என்ற ராணுவத்தான் ஆட்டிப் படைத்தான். அவனுக்கு முன்னால் தலை குனிய மாட்டேன் என்று நின்ற மினர்வா மிராபாலின் கதையைத்தான் தோட்டத்துச் சகோதர சகோதரிகளுக்கு இன்று சொல்லப் போகிறோம்.

சர்வாதிகாரி என்றதும் துப்பாக்கியும் சிறைச்சாலையும்தான் நம் கண்முன்னே வரும். அதெல்லாம் அங்கேயும் இருந்தது. ஆனால் துருகியோ முதலில் கை வைத்தது ஜனங்களின் வயிற்றில். உப்பு வியாபாரம் முழுக்க அவன் பிடியில். பாலும் இறைச்சியும் அப்படியே. கடைசிக் காலத்தில் நாட்டின் கரும்பாலைகளில் பெரும்பாலானவை அவன் சொத்தாகிவிட்டன. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து கட்சிக்கென்று பிடித்துக்கொண்டார்கள். கட்சி என்றால் என்ன கட்சி, அவன் கட்சி ஒன்றுதான். கட்சிச் சீட்டு சட்டைப் பையில் இல்லாமல் ரோட்டில் நடக்க முடியாது. சாந்தோ டொமிங்கோ என்ற தலைநகரின் பெயரை 1936இல் எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வீடு அவன் படம் தொங்க வேண்டும். இந்த வீட்டுக்கும் அவன்தான் எஜமான் என்று ஒரு பலகையும் வேண்டும்.

தொழிலாளி என்ன செய்தான் என்று கேட்பீர்கள். செய்தான். 1946 ஜனவரியில் லா ரொமானா, சான் பெத்ரோ தெ மக்கொரீஸ் வட்டாரத்துக் கரும்பாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்ந்தது. ஆனால் முன்னே நின்று நடத்திய மவுரிசியோ பாயெஸ் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. கியூபாவுக்குப் போயும் தப்பவில்லை. 1950 டிசம்பரில் ஹவானா நகரில் ஆள் காணாமல் போனார். அதோடு சரி. கூலியைக் கொடுப்பான், கேட்டவனை விடமாட்டான், அதுதான் துருகியோ.

மினர்வா கஷ்டப்பட்ட வீட்டில் பிறந்தவர் இல்லை. 1926 மார்ச் 12ஆம் தேதி, சல்செதோ பக்கம் ஒஹோ தெ ஆகுவா என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் என்ரிக்கே மிராபால் நிலபுலமும் கடையும் வைத்திருந்தவர். நான்கும் பெண் பிள்ளைகள். மூத்தவர் பத்ரியா, அடுத்து டேடே, மூன்றாவது மினர்வா, கடைக்குட்டி மரியா தெரேசா. லா வேகா என்ற ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்தார்கள். மினர்வாவுக்குச் சட்டம் படிக்க ஆசை. இந்த வாய்த்துடுக்குள்ள பெண் தலைநகருக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பெற்றவர்களுக்குப் பயம். வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் இருந்தாலும் வினை வந்தது. 1949 அக்டோபர் 12ஆம் தேதி சான் கிறிஸ்தோபாலில் துருகியோ ஒரு விருந்து வைத்தான். மிராபால் குடும்பத்துக்கும் அழைப்பு. போகாமல் இருக்க முடியுமா? அழகான பெண்கள்மேல் அவன் கண் எப்படிப் போகும் என்று நாடே அறியும். மினர்வாவோடு நடனம் ஆடினான், பேச்சுக் கொடுத்தான். அவரோ பிடி கொடுக்காமல் பேசி ஒதுங்கிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. குடும்பமே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. தலைவன் இருக்கும்போது விருந்தாளி எழுந்து போவது அந்த நாட்டில் குற்றம்.

சில நாளில் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாயையும் மினர்வாவையும் தலைநகருக்குக் கொண்டுபோய் ஓட்டலில் காவலில் வைத்து விசாரித்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மினர்வா எழுதவில்லை. வெளியே வந்த பிறகும் நிம்மதி இல்லை; 1951இல் மறுபடியும் கைது. அக்கம்பக்கத்தார் வீட்டுப் பக்கம் வரவே பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வந்தவன் பேரும் பட்டியலில் ஏறுமே! தகப்பனார் உடம்பு நொடிந்துபோய் 1953 டிசம்பரில் இறந்தார். மகள் வணங்காததற்குத் தகப்பன் கொடுத்த விலை.

இதற்கிடையில் மினர்வா சட்டம் படிக்கப் போய்ச் சேர்ந்திருந்தார். நடுவில் வகுப்புக்கு வராதே என்று தடுத்துப் பார்த்தார்கள். விடாப்பிடியாகப் படித்து 1957இல் பட்டம் வாங்கினார். பட்டம் கொடுத்தவர்கள் வழக்காடும் உரிமையைக் கொடுக்கவில்லை. சட்டம் படித்தும் கோர்ட்டு வாசலை மிதிக்க முடியாத வக்கீல்! கூடப் படித்த மனோலோ தவாரெஸைக் கலியாணம் செய்துகொண்டார். ஒரு பெண், ஒரு பையன்.

1959 ஜூன் 14ஆம் தேதி, கியூபாவிலிருந்து வந்த விடுதலைப் படை ஒன்று கான்ஸ்தான்சா மலைப்பகுதியில் விமானத்தில் இறங்கியது. சில நாளில் வடகரையிலும் சிலர் இறங்கினார்கள். ஏறக்குறைய 200 பேர். அநேகமாக எல்லாரையும் ராணுவம் கொன்று தீர்த்தது. அந்தத் தேதியையே பெயராக வைத்து, 1960 ஜனவரியில் ஜூன் 14 இயக்கம் என்று ஒரு ரகசிய இயக்கம் உருவானது. மனோலோ தலைவர். ஆனால் அதற்கு அடிப்போட்டவர் மினர்வா. தங்கை மரியா தெரேசாவும் சேர்ந்தார். பக்தியும் குடும்பமுமாக இருந்த பத்ரியாவும் தன் வீட்டையே திறந்துவிட்டார். இயக்கத்தில் மினர்வாவின் மறைபெயர் வண்ணத்துப்பூச்சி.

டேடே மட்டும் சேரவில்லை. கணவருக்கு விருப்பமில்லை, அவருக்கும் பயம். இதைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த ஜனவரியிலேயே உளவுப்படை மோப்பம் பிடித்துவிட்டது. நூற்றுக்கணக்கில் கைது. மூன்று சகோதரிகளின் கணவன்மாரும் உள்ளே. பத்ரியாவின் வாலிப மகனும் உள்ளே. அவர் வீடும் போயிற்று. மினர்வாவையும் மரியா தெரேசாவையும் பிடித்தார்கள், விட்டார்கள், மே மாதம் மறுபடி பிடித்துத் தண்டனை போட்டார்கள். அதற்குள் துருகியோவுக்கு வெளியிலும் நெருக்கடி. 1960 ஜூனில் வெனிசுவேலா ஜனாதிபதியைக் கொல்ல ஆள் வைத்தது அம்பலமாகி, அமெரிக்கக் கண்டத்து நாடுகள் எல்லாம் அவனுக்கு எதிராகத் திரும்பின. ஆகஸ்ட் 9ஆம் தேதி பெண்களை விட்டான். கணவன்மாரை விடவில்லை.

பிறகு நவம்பரில் ஒரு காரியம் செய்தான். மனோலோவையும் மரியா தெரேசாவின் கணவர் லியாந்த்ரோவையும் வடகரையில் உள்ள புவெர்தோ பிளாத்தா சிறைக்கு மாற்றினான். சல்செதோவிலிருந்து அங்கே போக மலைப்பாதையைத் தாண்ட வேண்டும். ஆளரவம் இல்லாத பாதை. தெரிந்தவர்கள் எல்லாம் போகாதே, போகாதே என்றார்கள். வேறு ஊரில் வீடு பார்த்துக்கொள்ளவும் யோசித்தார்கள். ஆனால் புருஷன் சிறையில் கிடக்கும்போது சாப்பாடும் துணிமணியும் கொண்டுபோய்க் கொடுக்காமல் எந்தப் பெண்ணால் வீட்டில் உட்கார முடியும்? அவன் போட்ட கணக்கே அதுதான்.

1960 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை. பத்ரியாவின் கணவர் அந்தச் சிறையில் இல்லை. அவர் போக வேண்டிய அவசியமே கிடையாது. தங்கைகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடப் போனார். ஜீப்பை ஓட்டியவர் ரூஃபினோ தெ லா குரூஸ். ஆபத்து தெரிந்தே ஓட்ட வந்த மனிதர். சிறையில் கணவன்மாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சாயங்காலம், பாலம் ஒன்றின் பக்கத்தில் உளவுப்படை ஆட்கள் மறித்தார்கள். பத்ரியா உதறிக்கொண்டு ஓடி, அங்கே நின்ற ஒரு லாரிக்காரர்களிடம் நாங்கள் மிராபால் சகோதரிகள், எங்கள் குடும்பத்துக்குச் சொல்லுங்கள் என்று கத்தினார். அவரையும் இழுத்துப் போனார்கள். நால்வரையும் பிரித்துக் கொண்டுபோய் அடித்தே கொன்றார்கள். உடல்களை ஜீப்பில் போட்டுப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். பத்திரிகையில் வந்த செய்தி, கார் விபத்து.

பத்ரியாவுக்கு வயது 36, மினர்வாவுக்கு 34, மரியா தெரேசாவுக்கு 25.

விபத்து என்று ஒருத்தரும் நம்பவில்லை. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கும், துருகியோவோடு ஒட்டிக்கொண்டிருந்த சிலருக்குமே பொறுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, 1961 மே 30ஆம் தேதி இரவு, அவனும் ரோட்டில்தான் காரில் போகும்போது சுடப்பட்டுச் செத்தான். 1962இல் கொலைகாரர்களுக்குத் தண்டனை விதித்தார்கள்; 1965இல் உள்நாட்டுச் சண்டை வந்தபோது தப்பிப் போய்விட்டார்கள். மனோலோ விடுதலையாகி வந்து, அடுத்து வந்த ராணுவக் கூட்டத்தை எதிர்த்து மலையேறி, 1963 டிசம்பரில் கொல்லப்பட்டார்.

நவம்பர் 25ஆம் தேதியைப் பெண்களுக்கு எதிரான கொடுமையை ஒழிக்கும் நாளாக ஐக்கிய நாட்டுச் சபை 1999இல் அறிவித்தது இவர்கள் நினைவாகத்தான்.

டேடே இருந்தார். தன் மூன்று பையன்களோடு, சகோதரிகள் விட்டுப்போன ஆறு பிள்ளைகளையும் கிழவித் தாயாரோடு சேர்ந்து வளர்த்து ஆளாக்கினார். நீ மட்டும் எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டவர்களுக்கு, நடந்ததைச் சொல்ல ஒருத்தி வேண்டுமே என்பார். 2014இல் இறக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் கடைசியாக இருந்த வீடு இப்போது நினைவில்லம். அங்கே கண்ணாடிக்குள் ஒரு நீளமான பின்னல் இருக்கிறது. மரியா தெரேசாவின் கூந்தல். பெட்டியை மூடுவதற்கு முன் டேடே தன் கையால் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டது.