நெஞ்சைப் பிளக்காது நுரையீரலைக் கண்டவர்

நாட்கணக்கில் நீடிக்கும் இருமலைக் குளிரின் விளைவெனக் கொள்வது மலையகத்தில் வழமை. நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் அமைந்த, 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலவைச் சூழ்ந்த பகுதிகளும் இதற்கு விலக்கல்ல. பெரிய வைத்தியசாலைக்குச் சென்றால் நெஞ்சைக் கீறிவிடுவார்கள் என்ற அச்சமும் பலரிடம் உண்டு. இவ்வச்சம் தேவையற்றது என்பதை நூறாண்டுகளுக்கு முன்னரே நிரூபித்தவர் ஜேர்மனிய வைத்தியர் குஸ்தாவ் கிலியன் ஆவார்.

1860இல் மைன்ஸ் நகரில் பிறந்த கிலியன், பிரைபேர்க் நகரில் தொண்டை, மூக்கு நோய்களுக்கான வைத்தியராகப் பணியாற்றினார். சுவாசக்குழாயின் கிளைகளுக்குள் கருவியைச் செலுத்துவது இயலாத காரியமெனக் கருதப்பட்ட காலம் அது. மூச்சுக்குழாயில் ஏதேனும் சிக்கினால் கழுத்தைத் துளைக்க நேரிட்டது. நுரையீரல் அழற்சி கண்டு மாண்டவர்களும் பலர்.

1897இல், எலும்புத் துண்டொன்று சுவாசக்குழாயில் சிக்கிய நிலையில் 63 வயது விவசாயி ஒருவர் அவரிடம் வந்தார். கிலியன் மருந்தினால் தொண்டையை மரத்துப் போகச் செய்து, வாய்வழியே நேரான உலோகக் குழாயைச் செலுத்தி, வெளிச்சத்தின் துணையுடன் எலும்பைக் கண்டு அகற்றினார். கத்தி தேவைப்படவில்லை. மறு ஆண்டே இம்முறையை மருத்துவ உலகுக்கு விளக்கி எழுதினார். 1911இல் பேர்லின் சென்று பேராசிரியராகப் பணிபுரிந்த அவர், 1921இல் காலமானார்.

அவர் திறந்த வழியில் பின்னர் பலர் நடந்தனர். 1966இல் ஜப்பானிய வைத்தியர் ஷிகெட்டோ இகேடா, கண்ணாடி இழைகளாலான வளையும் குழாயை அறிமுகப்படுத்தினார். இன்று அக்குழாயினூடாகச் சிறு திசுத் துணுக்கை எடுத்து நுரையீரல் புற்றுநோயை உறுதிசெய்ய முடிகிறது. நுனியில் ஒலியலைக் கருவி பொருத்திய குழாயால், சுவாசக்குழாய்க்கு வெளியேயுள்ள நிணநீர் முடிச்சுகளிலிருந்தும் ஊசிமூலம் மாதிரி பெறலாம். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகின்றனர்.

எனினும், கருவி இருந்தும் நோயாளி அதனை அடையாவிடில் பயனில்லை. பட்டிப்பொலவிலிருந்து கண்டிக்குச் செல்வது பல மணித்தியாலப் பயணம். அதற்காக நாட்சம்பளத்தையும் இழக்க வேண்டும். புகையிலைப் பழக்கமும் அடுப்புப் புகையும் நுரையீரலுக்குக் கேடு செய்பவை. ஆகவே, மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலையும் சளியில் காணும் இரத்தத்தையும் தோட்ட வைத்திய உதவியாளர்கள் அலட்சியம் செய்யாது, காசநோய்ப் பரிசோதனையுடன் நின்றுவிடாது, நோயாளியை மேல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அந்நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். கிலியன் காட்டிய வழி மலையகத் தொழிலாளிக்கும் திறந்திருக்க வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.