ஜான் ஷெர்மன்: நஷ்டப்பட்டவரே கேஸ் போட வழி செய்த சட்டத்தின் பின்னால் இருந்தவர்

கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றினால், அரசு நடவடிக்கை எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நஷ்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போகலாம். ஜெயித்தால் நஷ்டத்தைப் போல மூணு மடங்கு கிடைக்கும். அமெரிக்காவில் 1890-ல் இந்த உரிமையைக் கொண்டுவந்தது ஷெர்மன் சட்டம். யார் இந்த ஷெர்மன்?

ஆறு வயதில் அப்பாவை இழந்தவர்

ஜான் ஷெர்மன் 1823-ல் ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டரில் பிறந்தார். நீதிபதியாக இருந்த அப்பா, 11 பிள்ளைகளை விட்டுவிட்டு 1829-ல் திடீரென இறந்துபோனார். 14 வயதிலேயே ஜான் கால்வாய்ப் பணியில் வேலைக்குச் சேர்ந்தார். 1844-ல் வக்கீலானார். உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய ஜெனரல் வில்லியம் ஷெர்மன் இவருடைய அண்ணன்தான். தம்பி போனது அரசியலுக்கு. பிரதிநிதிகள் சபை, செனட், 1877-ல் நிதியமைச்சர் பதவி என்று வளர்ந்தார். அதிபர் வேட்பாளராக மூன்று முறை முயன்றும் கட்சி அவரைத் தேர்வு செய்யவில்லை.

ஏன் மூணு மடங்கு?

ஷெர்மனின் சொந்த மாநிலத்தில் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஆயில், 1882-ல் 'டிரஸ்ட்' என்ற ஏற்பாட்டில் பல எண்ணெய் கம்பெனிகளை ஒரே பிடிக்குள் கொண்டுவந்தது. வேறு தொழில்களிலும் இதே கதைதான். இதைத் தடுக்க ஷெர்மன் கொண்டுவந்த மசோதாவில் இழப்பீடு இரண்டு மடங்காகத்தான் இருந்தது. செனட்டின் நீதித் துறைக் குழு மசோதாவைத் திருத்தி எழுதியபோது அது மூணு மடங்கானது. ஜெயித்தவரின் வக்கீல் செலவும் எதிர்த்தரப்பின் தலையில்தான். இல்லாவிட்டால், 100 டாலர் நஷ்டத்துக்காக 1,000 டாலர் செலவழித்து ஒரு பெரிய கம்பெனியோடு மோத யார் வருவார்கள்?

1890 ஜூலை 2-ல் சட்டம் அமலுக்கு வந்தது.

இரு பக்கமும் கூரான கத்தி

ஷெர்மன் 1900-ல் காலமானார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து இந்தப் பிரிவு தன் பலத்தைக் காட்டியது. குடிநீர்த் திட்டத்துக்கு இரும்புக் குழாய் வாங்கிய அட்லாண்டா நகரம், கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றிய குழாய் கம்பெனி மீது கேஸ் போட்டிருந்தது. 1906-ல் உச்ச நீதிமன்றத்தில் நகரமே ஜெயித்தது. கூடுதலாகக் கொடுத்த பணம் மூணு மடங்காகக் கிடைத்தது.

ஆனால் 1908-ல் அதே நீதிமன்றம், தொழிற்சங்கத்தின் புறக்கணிப்புக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. டான்பரி நகரின் தொப்பி முதலாளி ஒருவர் தொடுத்த அந்த வழக்கில், தொழிலாளர்களின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டிருந்தன. பெரிய கம்பெனிகளை அடக்க வந்த மூணு மடங்கு, கடைசியில் அந்தத் தொழிலாளர்கள் தலையிலும் விழுந்தது.