பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமி எழுதிய நாவல்: யார் இந்த மூவலூர் ராமாமிர்தம்?

காலை எட்டு மணிக்குக் கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று பாருங்க. விழுப்புரம் போகிற பஸ்ஸுக்காகத் தோளில் பையோடு கல்லூரி மாணவிகள் காத்திருப்பார்கள். அவர்களில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். பேச்சு வழக்கில் அது ‘புதுமைப் பெண்’ பணம். ஆனா, திட்டத்தின் முழுப்பெயரில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்.

அந்தப் பெயரை விண்ணப்பத்தில் எழுதியவர்கள் பல லட்சம் பேர். அவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. நூறாண்டுகளுக்கு முன், தன் சுயமரியாதைக்காகத் தனி ஆளாகச் சண்டை போட்டு, பிறகு அந்தச் சண்டையையே நாவலாக எழுதியவர் அவர்.

பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்

ராமாமிர்தம் பிறந்தது 1883-ல், திருவாரூர்ப் பகுதியில். அப்பா கிருஷ்ணசாமி, அம்மா சின்னம்மாள். இசை வேளாளர் குடும்பம். வறுமை தாங்காமல் அப்பா வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். கணவரைத் தேடிப் போக நினைத்த அம்மா, ஐந்து வயது மகளை ஆச்சிக்கண்ணு என்ற தேவதாசிப் பெண்ணிடம் ஒப்படைத்தார். கைமாறிய விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும். அம்மையாரே பிற்காலத்தில் பதிவு செய்த விவரம் இது.

சிறுமி வளர்ந்தது மயிலாடுதுறை பக்கத்தில் உள்ள மூவலூரில். அந்த ஊர்ப் பெயர்தான் கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு குழந்தையை விலை கொடுத்து வாங்கி வளர்க்க வேண்டிய அவசியம் என்ன? இங்கேதான் தேவதாசி முறையின் கணக்கு இருக்கிறது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களுக்கு, அவர்கள் செய்யும் பணிக்காக மானிய நிலம் உண்டு. பணி தொடர்ந்தால்தான் நிலம் கையில் நிற்கும். பணியைத் தொடர அடுத்த தலைமுறையில் ஒரு பெண் வேண்டும். சொந்த மகள் இல்லாவிட்டால் தத்து எடுக்கலாம், அந்தப் பெண்ணுக்கே சொத்தும் போய்ச் சேரும். மற்ற வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் கவலைப்பட்ட காலத்தில், இந்த வீடுகளில் பெண் குழந்தைதான் முதலீடு. பத்து ரூபாய் அப்படிப் போடப்பட்ட முதலீடு.

பதினேழு வயதில் ஒரு மறுப்பு

மூவலூர் வீட்டில் ராமாமிர்தத்துக்குப் பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கவும் வந்தது. அன்றைக்குப் ‘பெரிய வீட்டு’ப் பெண்கள் பலருக்கே கிடைக்காத கல்வி அது. ஆனால், அந்தக் கல்வியை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது.

பதினேழு வயதில், சுமார் 65 வயதுள்ள ஒரு பணக்காரருக்கு அவரைக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. ராமாமிர்தம் மறுத்துவிட்டார். தனக்கு இசை சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையைத் திருமணம் செய்துகொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? தேவதாசி வீட்டில் வளர்ந்த பெண் கல்யாணம் செய்துகொள்வதே அன்றைக்குக் குற்றம் மாதிரி. ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டதாகத் தம்பதி மீது பொய்ப் புகார் கிளம்பியது. கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட பெண் உயிரோடு இருப்பது தெரியவந்த பிறகே பிரச்சினை ஓய்ந்தது.

இந்த அனுபவம் அவருக்கு ஒன்றைப் புரியவைத்தது. மறுக்க ஒரு பெண்ணுக்குத் தைரியம் மட்டும் போதாது. மறுத்த பிறகு போய் நிற்க ஓர் இடம் வேண்டும். அவருக்கு ஒரு சுயம்பு பிள்ளை இருந்தார். அது இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்?

காங்கிரஸ் மேடையிலிருந்து சுயமரியாதை இயக்கத்துக்கு

தன்னைப் போன்ற பெண்களின் வீடுகளுக்கே போய்ப் பேசத் தொடங்கினார் ராமாமிர்தம். பொட்டுக்கட்டாதீர்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்பதுதான் பிரச்சாரம். பொதுவாழ்க்கையில் காங்கிரஸில் இருந்தார், கதர் உடுத்தினார். 1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறிய பிறகு, அவர் பின்னால் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர்களில் இவரும் ஒருவர்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. எதிரிகள் ஒருமுறை அவருடைய நீளமான கூந்தலை அறுத்துவிட்டதாகவும், அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அவர் கிராப்புத் தலையோடே இருந்ததாகவும் சொல்வார்கள். அவமானப்படுத்த நினைத்துச் செய்ததை அவர் தன் அடையாளமாக மாற்றிக்கொண்டார்.

சட்டம் ஏன் தள்ளிப்போனது?

அதே காலத்தில் சென்னை சட்ட மேலவையில் இன்னொரு பெண் போராடிக்கொண்டிருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அம்மாவும் இதே சமூகப் பின்னணியில் இருந்து வந்தவர்தான்.

முத்துலட்சுமியின் முதல் வெற்றி 1929-ல் கிடைத்தது. இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம், மானிய நிலத்தைக் கோயில் பணியிலிருந்து பிரித்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்ற நிலை வந்தது. பெண்களைக் கட்டிப்போட்ட கயிற்றில் முதல் இழை அறுந்தது இங்கேதான்.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-ல் அவர் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அந்த ஆண்டே முத்துலட்சுமி பதவி விலகினார், மசோதாவும் கிடப்பில் விழுந்தது. காங்கிரஸுக்குள்ளேயே சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் இந்தத் தடையை எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களின் வாதம், தங்களை ஒட்டுமொத்தமாக விலைமகளிர் என்று முத்திரை குத்துவது அநியாயம் என்பது. கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது.

நாவலில் என்ன இருக்கிறது?

இந்த இழுபறிக்கு நடுவில், 1936-ல் ராமாமிர்தம் ஒரு நாவலை வெளியிட்டார். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்பது தலைப்பு.

காந்தா, கானவதி என்று இரண்டு தாசிச் சகோதரிகள். ஆண்களை மயக்கி எப்படிப் பணம் கறப்பது என்று அவர்களுக்குப் பாடம் நடத்துகிற தாய். அந்த வலையில் விழுகிற பணக்கார மைனர் சோமசேகரன். மேலோட்டமாகப் பார்த்தால் அந்தக் காலத்து மர்ம நாவல் மாதிரி விறுவிறுப்பாக ஓடும். வேஷம், சூழ்ச்சி, ஏமாற்று எல்லாம் உண்டு.

ஆனால், கதையை நகர்த்துகிறவர்கள் வேறு பெண்கள். சோமசேகரனின் மனைவி ஞானசுந்தரி படித்தவர். கணவன் தடம் மாறியதும் மூலையில் உட்கார்ந்து அழும் மனைவியாக அவரை ராமாமிர்தம் எழுதவில்லை. நிலைமையைச் சரிசெய்ய அவரே இறங்குகிறார். விவேகவதி, குணபூஷணி என்ற இரு பெண்கள் தாசிக் குலத்திலிருந்து வந்து, அந்த வாழ்க்கை வேண்டாம் என்று விலகியவர்கள். விவேகவதியிடம் ஆசிரியரின் சாயல் இருப்பதாக வாசிப்பவர்கள் பலரும் சொல்வதுண்டு.

அந்தக் காலத்துச் சீர்திருத்தக் கதைகளில் ‘விழுந்த’ பெண்ணைக் காப்பாற்ற ஒரு நல்ல ஆண் வருவார். இங்கே புத்தி தெளிய வேண்டியவர் ஆண். தலைப்பிலேயே மதி பெறுகிறவர் மைனர்தான். அவருக்கு மதி வரவைக்கிறவர்கள் பெண்கள்.

இன்னொரு விஷயம், அந்த வீட்டை ராமாமிர்தம் ஒரு வியாபாரமாகக் காட்டுகிறார். யார் முதல் போடுகிறார், யாருக்கு லாபம், யார் சரக்கு என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வருகிறது. பத்து ரூபாய்க்கு அந்த வீட்டுக்குள் போன ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

குறைகளும் உண்டு

இன்றைக்கு இந்த நாவலைப் படித்தால் சில இடங்கள் உறுத்தும். தாசிப் பெண்கள் மீது விழுகிற அடி, அவர்களிடம் போகும் ஆண்கள் மீது அதே பலத்தோடு விழவில்லை. அந்த வீடுகள் காப்பாற்றிவந்த இசைக்கும் நடனத்துக்கும் கதையில் பெரிய மதிப்பு இல்லை. வெளியேறும் பெண்ணுக்கு நாவல் காட்டுகிற வழியும் பெரும்பாலும் கல்யாணம்தான்.

வரலாற்று ஆய்வாளர்களும் இதைப் பேசியிருக்கிறார்கள். தடைக்குப் பிறகு நடனம் வேறு கைகளுக்குப் போய் மரியாதை பெற்றது. அதை வளர்த்த குடும்பங்களின் பெண்கள் பலர் மேடையை இழந்தார்கள்.

ஆனா, 1936-ல் ராமாமிர்தத்தின் முன்னால் இருந்த கேள்வி வேறு. நாளைக்கு ஒரு வீட்டில் ஐந்து வயதுச் சிறுமி விற்கப்படப் போகிறாள். அவளைத் தடுப்பது எப்படி? அந்த அவசரத்தில் எழுதப்பட்ட கதை இது. அதன் கோபமும் கண்மூடித்தனமும் அந்த அவசரத்திலிருந்து வந்தவை.

நடந்தே சென்னைக்கு

நாவல் வந்து இரண்டு ஆண்டுகளில் அவர் இன்னொரு களத்தில் நின்றார். 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 1-ம் தேதி திருச்சி உறையூரிலிருந்து சுமார் நூறு பேர் கொண்ட தமிழர் பெரும்படை கிளம்பியது. 42 நாள் நடந்து செப்டம்பர் 11-ல் சென்னை போய்ச் சேர்ந்தது. அந்தப் படையில் 55 வயது ராமாமிர்தமும் நடந்தார்.

நவம்பர் 13-ல் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் தீர்மானமாக நிறைவேறியது. மறுநாளே டாக்டர் தருமாம்பாள் உள்ளிட்ட பெண்கள் மறியலில் இறங்கிக் கைதானார்கள். ராமாமிர்தமும் அதில் ஒருவர். ஆறு வாரம் சிறை.

ஓமந்தூரார் காலத்தில் வந்த சட்டம்

மசோதா கிடப்பில் விழுந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகுதான் விடிவு வந்தது. அதைக் கொண்டுவந்த அரசுக்குத் தலைமை தாங்கியவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதல்வரானார். நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 அக்டோபர் 9-ல், தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

பொட்டுக்கட்டுவது குற்றம் என்று அது சொன்னது. அதோடு, ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றும் சொன்னது. பதினேழு வயது ராமாமிர்தம் தைரியமாகச் செய்த காரியம், அவருடைய 64 வயதில் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமையானது.

இரண்டு ஆண்டு கழித்து அவர் இன்னொரு கடினமான முடிவு எடுத்தார். 1949-ல் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டதை ஏற்க முடியாமல், அண்ணாவோடு போய் தி.மு.க.வில் சேர்ந்தார். இத்தனை ஆண்டு தலைவராக ஏற்றவரிடமிருந்து விலகுவது லேசான விஷயம் இல்லை. தனக்குச் சரி என்று படாத இடத்தில் அவர் நிற்கவில்லை. 1962 ஜூன் 27-ல் மறைந்தார்.

திருமண உதவி, கல்வி உதவியான கதை

1989-ல் கருணாநிதி அரசு, ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. தொடக்கத்தில் உதவித்தொகை 5,000 ரூபாய். பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்காகவே மகளைப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. 2011-ல் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, பட்டம் படித்தவர்களுக்குத் தொகை 50,000 ரூபாய் ஆனது.

2022-ல் அந்தத் திட்டம் உயர்கல்வித் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியோ டிப்ளமோவோ ஐடிஐயோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கம் எங்கே போச்சு என்று அப்போது விவாதமும் எழுந்தது. கல்யாணச் செலவு ஏழை வீட்டுக்கு நிஜமான சுமை என்பதால், அந்தக் கேள்வியையும் தள்ளிவிட முடியாது.

ஆனாலும், அம்மையாரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. அவர் காலத்தில் அந்த வீட்டை விட்டு வெளியே வர ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே கதவு கல்யாணம். அவரும் அதன் வழியாகத்தான் வந்தார். அவர் நாவலின் பெண்களுக்கும் அதைத்தான் திறந்துவிட்டார். இன்னொரு கதவு அப்போது கட்டப்படவே இல்லை.

கோலியனூரில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்த இரண்டாவது கதவு இருக்கிறது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. பஸ் செலவு, நோட்டு, போன் ரீசார்ஜ் என்று மாதக் கடைசிக்குள் கரைந்துவிடும். ஆனால், அது அப்பா கணக்குக்குப் போகவில்லை, வரப்போகிற மாப்பிள்ளைக்காகவும் வரவில்லை. அவள் பெயரில் உள்ள கணக்கில் ஏறுகிறது. பத்து ரூபாய்க்குக் கைமாறிய ஒரு சிறுமியின் பெயரில் வருகிற பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடையாது.