புரதத்தின் முறுக்கைக் கண்டவர்: ஜி.என். ராமச்சந்திரன்

சின்ன காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பட்டு நூலை முறுக்கினால் பலம் கூடும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பட்டும் ஒரு புரதம்தான். நம்ம உடம்புக்குள்ளேயும் முறுக்கிய புரதம் இருக்கு என்று சென்னையிலிருந்து உலகத்துக்கே எடுத்துச் சொன்ன மேதை ஜி.என். ராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின் பொறியியலுக்குச் சேர்ந்தவரை, சர் சி.வி. ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் வைத்து ஆராய்ந்து, 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் மூன்று இழை மாதிரியை வெளியிட்டார். மூன்று இழையும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று 1955-ல் அதையே மேலும் திருத்தினார்.

ரிச், கிரிக் என்ற இரு விஞ்ஞானிகள், அதில் சில அணுக்கள் ரொம்ப நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். கிரிக் என்ன சாமானியரா? டி.என்.ஏ. வடிவத்தையே கண்டவர்! ராமச்சந்திரன் சோர்ந்து போகவில்லை. அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை எடுத்துவைத்து, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஃபை, சை என்று இரண்டு கோணங்கள். எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று இந்தப் படம் காட்டிவிடும்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? நம் செல்லுக்குள் டி.என்.ஏ., கட்டையில் சுற்றிய நூல் மாதிரி ஹிஸ்டோன் புரதங்கள் மேல் சுற்றிக் கிடக்கிறது. ஒரு ஜீனை இயக்கும் புரதம் அங்கே போய் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். வடிவம் கெட்டால் பிடி நழுவும், ஜீன் இயங்காது. பி53 என்ற காவல் புரதத்தில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி பழுதாவது பல புற்றுநோய்களில் காணப்படுகிறது. இத்தகைய புரதங்களின் வடிவத்தைக் கண்டறிந்ததும், அது சரிதானா என்று சோதிக்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடம்தான் கைகொடுக்கிறது.

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு மட்டும் கடைசி வரை வரவேயில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

மாணவ நண்பர்களே, நம் வேலையில் ஒருவர் குறை கண்டால் முகம் சுருங்க வேண்டாம். ஸ்கேலை எடுத்து மறுபடி அளப்போம்!