ஆபிரகாம் வால்ட்: திரும்பி வராத விமானங்களை எண்ணியவர்!

ஆப்டிட்யூட் தேர்வில் ‘அசம்ப்ஷன்’ கேள்வின்னாலே தலைசுத்துதா? வால்ட் கதையைப் பாருங்க. 1902-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த யூதர். 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். இரண்டாம் உலகப்போரில், அடிபட்டுத் திரும்பிய விமானங்களை வைத்து எந்தப் பாகம் பலவீனமானது என்று கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது.

ஓட்டை அதிகமுள்ள இடத்தில் கவசம் போடலாம் என்பதுதான் சட்டுனு தோன்றும் பதில். அதில் ஒளிந்திருக்கும் அனுமானம்: விழுந்த விமானங்களும் இதே மாதிரிதான் அடிவாங்கின. குண்டு பாகம் பார்த்துப் படாது. அப்படியும் எஞ்சினில் ஓட்டை குறைவு என்றால், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை! (வால்டும் அனுமானம் வைத்தார்தான், ஆனால் மறைக்காமல் எழுதிவைத்தார்.)

விரிவுரைக்காக இந்தியா வந்தவர், 1950 டிசம்பரில் மனைவியோடு பயணித்த விமானம் நீலகிரி மலையில் மோதி, 48 வயதில் இறந்தார்.