கால்டுவெல்லும் சிறு பாஷைகளும்

பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்கும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் பெயர் பெற்ற பூம்பாறை, பழனி மலைத்தொடரில் உள்ள ஓர் ஊர். அதே மலையிலுள்ள கோடைக்கானலில்தான் 1891-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி அத்தியட்சர் ராபர்ட் கால்டுவெல் காலமானார். தமிழர் அவரை மறக்கவில்லை. ஆனால் அவர் ஆற்றிய தொண்டில் ஒரு பாதியை மறந்துவிட்டோம் என்பதே நமது அபிப்பிராயம்.

1814-ல் அயர்லாந்தில் பிறந்த அவர், கிளாஸ்கோவில் கல்வி பயின்று, 1838-ல் சென்னையில் வந்திறங்கினார். 1841-ல் நீலகிரி வழியாகக் கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, இடையன்குடியில் அமர்ந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்தார். அவர் மதப் பிரசாரத்துக்காக வந்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. 1849-ல் அவர் வெளியிட்ட சிறு நூலொன்று நாடார் சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்தியதும் உண்மையே.

எனினும், தென்னாட்டுப் பாஷைகள் ஸம்ஸ்கிருதத்தினின்று பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816-ல் எல்லிஸ் கூறியதை, 1856-ல் வெளியான தமது ஒப்பிலக்கணத்தில் அவர் விரிவாக நிலைநாட்டினார். 1875-ம் வருஷப் பதிப்பில் பன்னிரண்டு பாஷைகளைக் கணக்கிட்டார். அவற்றுள் தமிழ், தெலுங்கு முதலியன ஆறு. தோதம், கோத்தம், கோண்டு முதலியன ஆறு. ஏடும் எழுத்தும் இல்லாத மலைவாசிகளின் பேச்சையும் அவர் சாட்சியாக அழைத்தார். தமிழின் தொன்மைக்கு அச்சிறு பாஷைகளும் சான்று பகர்ந்தன.

அவற்றைத் திருந்தாதவை என்று அவர் வகுத்தது மட்டும் நமக்கு உடன்பாடன்று. தோதவர் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களை 1971-ல் எமனோ பெருநூலாக வெளியிட்டார். அதைக் கண்டபின் அப்பெயர் எவ்வாறு பொருந்தும்?

2001-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில் தோத பாஷை பேசினோர் இரண்டாயிரத்தையும் எட்டவில்லை. பதினாயிரம் பேருக்குக் குறைந்தோர் பேசும் பாஷைகளை அக்கணக்குப் பட்டியல் தனியே காட்டுவதுமில்லை. பட்டியலில் இல்லாத பாஷைக்குப் பள்ளியேது, புத்தகமேது? கால்டுவெல் பிறந்த அயர்லாந்திலும் ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் சுதேச பாஷை இவ்வாறே தேய்ந்தது.

பெரிய பாஷையொன்று நம்மை நெருக்கினால் நாம் கொதித்தெழுகிறோம்; அது நியாயமே. நம்மினும் சிறியோரை நாம் நெருக்காதிருப்பதும் அதே நியாயத்தைச் சேர்ந்தது. பழனி மலையில் வாழும் பளியரின் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. பளியச் சிறுவன் ஒருவன் பள்ளியில் தன் வீட்டுச் சொல்லைக் கூறும்போது, அதைக் கொச்சையென்று நகையாமல் ஆசிரியர் காது கொடுத்துக் கேட்பாராக. அம்மலையில் உயிர்நீத்த பெரியாருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதனினும் வேறில்லை.