கணிப்பொறிக்கு வித்திட்ட ஆலன் டூரிங்

கருவிகளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றோர் உலகில் பலர். ஒரு கருவி பிறப்பதற்கு முன்பே, அது எதைச் செய்ய வல்லது, எதைச் செய்யவே இயலாதது என்பதைத் தாளில் எழுதி நிலைநாட்டியவர் ஆலன் டூரிங். அதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 23. கணினி அறிவியல் பயிலும் நாம் அவர் பெயரைப் பாடநூலில் காண்கிறோம். டூரிங் பொறி பற்றித் தேர்வில் விடை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் அப்பெயருக்குரிய மனிதரின் வாழ்வை அறிந்தோர் நம்மில் சிலரே. ஆதலின் அதனை என் உடன் பயிலும் நண்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகிறேன்.

நம் மண்ணோடு ஓர் உறவு

நான் குத்தம்பாக்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊருக்கு வடக்கே, ஆவடி வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதையாகும். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மதராஸ் ரயில்வே கம்பெனி அதனைத் திறந்தது. பின்னர் அப்பாதை சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை நீண்டது. அந்த மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர் எட்வர்ட் வாலர் ஸ்டோனி. அவர் மகள் எத்தல் சாரா 1881-இல் போத்தனூரில் பிறந்தார். அந்த அம்மையாரின் இளைய மகனே ஆலன் டூரிங்.

தந்தை ஜூலியஸ் டூரிங் அன்றைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். தந்தையின் பணியோ கடல் கடந்து இங்கே. எனவே பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். பெற்றோரைப் பிரிந்தே பெரும்பாலும் வளர்ந்த பிள்ளை, தன் எண்ணங்களையே துணையாகக் கொண்டது போலும்.

பள்ளியும் நட்பும்

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், ரயில்கள் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவன் சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்தான். இடையே ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளி போய்ச் சேர்ந்தான். இலக்கியத்தையும் பழைய மொழிகளையும் போற்றிய அப்பள்ளியில், அறிவியலையே நாடிய இம்மாணவனுக்கு ஆசிரியர்களின் பாராட்டு எளிதில் கிட்டவில்லை.

அங்கே கிடைத்த அரிய நண்பன் கிறிஸ்டபர் மார்கம். வானியலும் கணிதமும் இருவரையும் இணைத்தன. ஆனால் 1930 பிப்ரவரியில் மார்கம் காசநோயால் மறைந்தான். நண்பன் செய்திருக்கக் கூடியவற்றைத் தான் செய்து முடிக்க வேண்டும் என்ற உறுதி டூரிங்கின் நெஞ்சில் வேரூன்றியது.

கேம்பிரிட்ஜில் பிறந்த கேள்வி

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1934-இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து நிகழ்தகவுக் கணிதத்தில் ஒரு தேற்றத்தை நிறுவி ஆய்வேடு எழுதினார். அதே தேற்றத்தை லிண்டபர்க் என்பார் 1922-லேயே நிறுவிவிட்டார் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. எனினும் பிறர் வழியைப் பாராது தம் வழியிலேயே அவர் அதனை எட்டியதைக் கல்லூரி மதித்தது. 1935-இல், 22 வயதில், அவர் கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தேர்வு பெற்றார்.

அவ்வாண்டு மாக்ஸ் நியூமன் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் விடுத்த கேள்வி ஒன்று அங்கே எடுத்துரைக்கப்பட்டது. எந்தக் கணிதக் கூற்றைத் தந்தாலும் அது நிறுவத்தக்கதா அன்றா என்று தீர்ப்புக் கூறும் பொதுவான வழிமுறை ஒன்று உண்டா என்பதே அது. எந்திரம் போலப் படிப்படியாகச் செய்யத்தக்க வழிமுறையாக அது இருத்தல் வேண்டும். பிறர் உவமையாகக் கொண்ட எந்திரத்தை டூரிங் உண்மையாகவே எண்ணிப் பார்த்தார்.

கட்டம் கட்டமாகப் பிரித்த முடிவில்லாத நாடா ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் கண் ஒன்று. அங்குள்ள குறியைப் படிக்கும், அழிக்கும், வேறு குறி எழுதும், ஒரு கட்டம் இடமோ வலமோ நகரும். அடுத்து என்ன செய்வது என்பதற்குச் சிறிய விதிப்பட்டியல் ஒன்று. கணக்குப்பிள்ளை பேரேட்டில் செய்வதன் சாரம் இதுவே. இத்துணை எளிய பொறியால், மனிதன் விதிப்படி செய்யும் எந்தக் கணக்கையும் செய்ய இயலும் என்று அவர் காட்டினார். மேலும், ஒரு பொறியின் விதிப்பட்டியலையே நாடாவில் எழுதி வேறொரு பொறிக்குக் கொடுத்தால், அந்த ஒரே பொறி எல்லாப் பொறிகளாகவும் இயங்கும் என்றார். இன்று ஒரே கைப்பேசி கடிதம் எழுதுவதும் கணக்குப் போடுவதும் பாட்டுப் பாடுவதும் அக்கருத்தின் பயனேயாகும்.

ஹில்பர்ட்டின் கேள்விக்கு அவர் கண்ட விடை, இல்லை என்பது. ஒரு பொறி என்றேனும் தன் வேலையை முடிக்குமா, முடிவின்றிச் சுழலுமா என்று எல்லாப் பொறிகளுக்கும் பொருந்தத் தீர்ப்புக் கூறும் வழிமுறை இருக்கவே முடியாது என்பது இக்கட்டுரை வழியே நாம் பெற்ற பாடம்.

எழுதி முடித்த வேளையில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச் அதே முடிவை வேறு வழியில் கண்டு முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார். இருமுறை இவ்வாறு பிறர் முந்திய பின்னும் டூரிங் சோர்ந்து அமரவில்லை. தம் வழி புதியது என்பதால் கட்டுரையை வெளியிட்டார். 1936-இல் அந்தச் சர்ச்சிடமே மாணவராகச் சென்று சேர்ந்து, 1938-இல் முனைவர் பட்டம் பெற்றார். மறைகுறி எழுத்தில் ஆர்வம் கொண்டு, எண்களைப் பெருக்கும் மின்கருவி ஒன்றின் பகுதிகளை அங்கேயே தம் கையால் செய்து பார்த்தார்.

மறைகுறிப் போர்

1939-இல் போர் மூண்டது. மறுநாளே, செப்டம்பர் 4 அன்று, பிளெட்ச்லி பார்க் என்னும் இரகசிய நிலையத்தில் டூரிங் பணியேற்றார். ஜெர்மானியப் படைகள் எனிக்மா என்னும் பொறியால் செய்திகளை மறைத்து அனுப்பின. அதன் அமைப்பு முறைகள் 159-ஐ எழுதிப் பின்னே 18 சுழியங்களை இட்டால் வரும் அளவினவாகும். ஒவ்வொரு நாளும் அமைப்பு மாறும்.

இதனை முதலில் உடைத்தவர்களும் மாணவப் பருவத்தில் இத்துறைக்கு வந்தவர்களே. போலந்தின் போஸ்னான் பல்கலைக்கழகத்தில் 1929-இல் கணித மாணவர்களுக்கு மறைகுறி வகுப்பு நடைபெற்றது. அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர் ரெயெவ்ஸ்கி, ரூஷிட்ஸ்கி, ஸிகால்ஸ்கி என்னும் மூவர். 1932-இல் ரெயெவ்ஸ்கி எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணிதத்தால் கண்டறிந்தார். 1939 ஜூலையில் அவர்கள் தம் அறிவு முழுவதையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழங்கினர். பின்னர் ஜெர்மானியர் பொறியை இயக்கும் முறையை மாற்றவே, புதிய வழி தேவைப்பட்டது.

எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே மாறி வராது. அதுவே அதன் குறை. நாள்தோறும் வரும் வானிலை அறிக்கையில் இன்ன சொல் இருக்கும் என்று ஊகித்து, அச்சொல்லை மறைசெய்தியின் கீழே நகர்த்தி வைத்துப் பார்ப்பர். ஏதேனும் ஓரிடத்தில் ஒரே எழுத்து மேலும் கீழும் நேர்ந்தால் அந்த இடம் தவறு. எஞ்சிய இடங்களைக் கொண்டு, முரண்படும் அமைப்புகளையெல்லாம் விரைந்து தள்ளிவிடும் பாம்ப் என்னும் பொறியை டூரிங் வடிவமைத்தார். முதற்பொறி 1940 மார்ச்சில் இயங்கியது. கார்டன் வெல்ச்மன் செய்த திருத்தம் அதன் ஆற்றலைப் பன்மடங்காக்கியது. கடற்படையின் கடினமான மறைகுறியையும் டூரிங்கின் குழு உடைத்தது. அட்லாண்டிக் கடலில் பல கப்பல்கள் தப்பின.

பொறி வலிது, அதனை இயக்கிய மனிதரின் பழக்கமே எளிது. காதலியின் பெயரையும், விசைப்பலகையில் அடுத்தடுத்துள்ள எழுத்துகளையும் திறவாக இட்ட சிப்பாய்கள் இருந்தனர். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கும் நாம் அவர்களைப் பார்த்து நகைக்க இயலாது!

காத்தவருக்குக் காவல் இல்லை

போருக்குப் பின் டூரிங், நிரலைத் தன்னுள்ளே சேமித்து இயங்கும் கணிப்பொறிக்குத் திட்டம் வகுத்தார். 1948 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எந்திரம் சிந்திக்குமா என்பதை ஆராய்ந்து 1950-இல் அவர் எழுதிய கட்டுரை, செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய விவாதங்களுக்கு முன்னோடி.

1952-இல் ஓர் ஆடவருடன் உறவு கொண்டார் என்று வழக்குத் தொடரப்பட்டது. சிறைக்கு மாற்றாக ஓராண்டுக் காலம் ஹார்மோன் மருந்து அவர் உடலில் செலுத்தப்பட்டது. அரசின் இரகசியப் பணிக்குரிய அனுமதியும் பறிக்கப்பட்டது. 1954 ஜூன் 7 அன்று சயனைடு நஞ்சால் அவர் இறந்தார். அப்போது வயது 41. தற்கொலை என்றது விசாரணை. விபத்து என்றே தாயார் நம்பினார். 1959-இல் அத்தாய் மகனின் வரலாற்றை நூலாக எழுதினார். போர்க்காலத்தில் மகன் ஆற்றிய அருஞ்செயலை அதில் விளக்க இயலவில்லை. அது அன்றும் அரசு இரகசியம். 1974-இல்தான் அச்செய்தி உலகுக்கு விரிவாகத் தெரியத் தொடங்கியது.

2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் 50 பவுன் நோட்டில் அவர் உருவம் இடம் பெற்றது. இறந்தவருக்கு இவற்றால் ஆவதென்ன? அதே ஆட்சியினர் 1860-இல் நம் நாட்டிலும் அத்தகைய சட்டப்பிரிவை விதித்துச் சென்றனர். மனமொத்த வயது வந்தோருக்கு அது பொருந்தாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-இல்தான்.

நாம் கொள்ள வேண்டியது

டூரிங் விதைத்த வித்தில் மாணவர்களே மீண்டும் மீண்டும் பயிர் செய்திருக்கின்றனர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹன் 1983-இல் கணினி வைரஸை ஆய்வுக்காக எழுதிக் காட்டினார். எல்லா வைரஸ்களையும் தவறின்றிக் கண்டறியும் நிரல் இருக்க முடியாது என்று டூரிங்கின் வழியிலேயே அவர் நிறுவினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் இரு மாணவர்களின் பி.டெக். திட்டப்பணியில் தொடங்கிய முயற்சி, 2002-இல் அவர்கள் ஆசிரியர் மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து பகா எண்களைப் பற்றிய பழம்பெரும் வினா ஒன்றைத் தீர்த்தது.

நம்மிடையே திட்டப்பணி என்றால் விலைக்கு வாங்கி, அட்டை போட்டு, கையொப்பம் பெறும் சடங்காக அது சுருங்கி வருகிறது. ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறிகள் குறைவு, நம்மால் என்ன ஆய்வு செய்ய இயலும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோரும் உண்டு. டூரிங் தம் தலைசிறந்த ஆய்வைச் செய்தபோது உலகில் அத்தகைய கணிப்பொறி ஒன்றேனும் இல்லை. அவரிடம் இருந்தது தெளிவான ஒரு கேள்வி. அதனை விடாது பற்றும் பொறுமையும் இருந்தது. இவ்விரண்டும் விலைக்குக் கிடைப்பன அல்ல. ஆதலால் ஏழை மாணவனுக்கும் எட்டாதன அல்ல. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இங்கே வந்திருப்போர் நம்மில் பலர். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பைத் தேடுமுன், விடை தெரியாத கேள்வி ஒன்றை நாமே தேடிக்கொள்வோம். டூரிங்குக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.